கேள்விக்குறிக்கு மதிப்பு முப்பது

பத்திரிகை அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளைக் கழித்த கலைப் பட்டதாரி ஒருவனுக்கு மரபணு வாசிக்கும் ஆசை வந்ததென்றால், அதற்கு என் மருமகளே காரணம். பல்கலைக்கழகத்தில் உயிர்தகவலியல் படிப்பவள். சென்ற விடுமுறைக்கு அட்டனுக்கு வந்தபோது, "மாமா, உங்களுக்கும் வரும். கணக்கு அதிகம் இல்லை" என்றாள். அது பொய் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

இன்றைய வரிசைப்படுத்தும் இயந்திரங்களுள் பெருவழக்கானவை மரபணுத்தொகையை முழுநூலாக வாசிப்பதில்லை. ஒரே நாளிதழின் முப்பது பிரதிகளைக் கிழித்துக் கலந்துவிட்டதுபோல, நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளாகக் கோடிக்கணக்கில் தருகின்றன. பழைய பிரதியொன்றை அருகில் வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று கணினி தேடவேண்டும். ஃபாஸ்ட்கியூ எனப்படும் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள். நான்காவது வரிதான் என்னைக் கட்டிப்போட்டது. இரண்டாம் வரியிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று அங்கே ஒரு குறி சொல்கிறது. கேள்விக்குறி வந்தால் மதிப்பு முப்பது. அதாவது, பிழைக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆச்சரியக்குறி வந்தால் மதிப்பு பூச்சியம். தலைப்புகளில் ஆச்சரியக்குறியை அள்ளித் தெளித்த சில செய்தி ஆசிரியர்களை நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு அவள் எடுத்தது 'ஆயிரம் மரபணுத்தொகைகள்' திட்டத்தின் தரவு. 2015இல் வெளியான அதன் இறுதித் தொகுப்பில் 26 சமூகங்களைச் சேர்ந்த 2504 பேர் இருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் குறியீடு எஸ்.டி.யூ.: ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கள் இணைய இணைப்புக்கு முழுக்கோப்பு தாங்காது என்பதால், தாயிடமிருந்து மட்டுமே வரும் இழைமணி மரபணுவை மட்டும் எடுத்தோம். மொத்தம் 16,569 எழுத்துகள். ஒப்பீட்டுப் பிரதி 1981இல் கேம்பிரிட்ஜில் உருவாகி 1999இல் திருத்தப்பட்டது. 'மாறுபாடு' என்று திரையில் காண்பதெல்லாம் அந்தப் பிரதியிலிருந்து விலகல்தான், பிழை அல்ல.

10400ஆம் இடத்தில் பிரதியில் 'சி'. எங்கள் பெயரறியா மனிதரிடம், அந்த இடத்தை மூடிய துண்டுகள் ஏறக்குறைய அனைத்திலும் 'டி'. எம் என்ற பெருங்கிளையின் அடையாளம் அது என்றாள் மருமகள். தெற்காசியா முழுவதும் பரவிய, பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கிளை. பாக்கு நீரிணை அதற்கு ஒரு பொருட்டல்ல.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அந்த 'இலங்கைத் தமிழர்' என்ற சொல்லுக்குள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்ற பிரிவு கிடையாது. எங்கள் நாட்டின் குடிசன மதிப்பீடோ எங்களை 'இந்தியத் தமிழர்' என்று தனி நிரலில் எழுதிவந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தந்தை இங்கே பிறந்ததற்கு, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தாய்வழி எவ்வளவு நீண்டிருந்தாலும் கணக்கில் இல்லை. கொழுந்து பறித்த எங்கள் அம்மாயியின் பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும் ரேஷன் புத்தகத்தில் வேறுவிதமாகவும் இருந்தது. பிறப்புச் சான்றிதழே இல்லை. நாடற்றவராகவே இறந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவர் இல்லை.

அந்த அம்மாயியின் இழைமணி என் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது, ஆனால் என் பிள்ளைகளுக்குப் போகாது. தங்கை வழியாக மருமகளிடம் வந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னோம். எண்பது வயது அம்மா கவனமாகக் கேட்டார்.

"அம்மாயி, ஒரு குழாயில் கொஞ்சம் எச்சில் கொடுத்தால் போதும், வாசித்துவிடலாம்" என்றாள் பேத்தி.

"வாசிச்சிட்டு அத யாரு வச்சிருப்பாங்க?" என்றார் அம்மா.

மருமகள் உடனே பதில் சொல்லவில்லை. ஒப்புதல் படிவங்களில் அதைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதாகக் கூறி, மறுநாள் காலைப் பேருந்தில் ஏறினாள்.