கப்பல் டாக்டர்

மயிலாப்பூரில் நெஞ்சு வலித்தால் ஒரு சௌகரியம். கச்சேரி ரோடு டாக்டர் சொல்வது பிடிக்காவிட்டால் லஸ்ஸில் இன்னொருவரைக் கேட்கலாம். அவரும் சரிப்படாவிட்டால் அடையாறு ஸ்பெஷலிஸ்ட். எதிர்வீட்டு மாமியின் ஓமவாட்டர் தனி.

நடுக்கடலில் ஒரே ஒரு டாக்டர். உங்களுக்கும் ஓட இடமில்லை, அவருக்கும் இல்லை.

இந்த நிலைமையை வைத்து 1974-ல் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் ‘டாக்டர் அட் ஸீ’ என்று 13 எபிசோடு காமெடி எடுத்தது. ராபின் நெட்வெல் உல்லாசக் கப்பலில் டாக்டர். காலேஜில் வறுத்தெடுத்த புரொபசரிடமிருந்து தப்பித்தோம் என்று கப்பலேறினால், கேப்டன் அந்த புரொபசரின் சகோதரர்! இரண்டு பேருமே நடிகர் எர்னஸ்ட் கிளார்க்தான்.

சென்னைக்கு டி.வி. வந்ததே 1975 ஆகஸ்டில். அதனால் நாம் இதையெல்லாம் புத்தகமாகத்தான் படித்தோம். மூலக்கதைக்காரர் ரிச்சர்ட் கார்டன் மயக்கமருந்து டாக்டர். கப்பலிலும் வேலை பார்த்தவர். ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் வுட்ஹவுஸ் கிடைக்காத நாளில் அவரை எடுத்து வருவோம்.

நம்மூரில் டாக்டர்களைக் கிண்டல் செய்வது கொஞ்சம் ரிஸ்க். 2004-ல் கிரேஸி மோகன் வசனத்தில் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வந்தபோது தலைப்பை எதிர்த்து கோர்ட்டுக்கே போனார்கள்.

சர்வதேச விதிப்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏறி, மூன்று நாளுக்கு மேல் வெளிநாடு போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பலில் இருபது சொச்சம் பேர்தானே? அங்கே பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கரையில் இருக்கும் டாக்டரை ரேடியோவில் கேட்பார்.

சில வருஷம் முன்பு மாமனாரோடு அந்தமானுக்குக் கப்பலில் போனேன். இரண்டாம் நாள் ராத்திரி, “மாப்பிள்ளை, இடது பக்கம் என்னவோ பண்றது” என்றார். அவருக்கு வயது 76.

கப்பல் டாக்டருக்கு முப்பதுகூட இருக்காது. ஈ.சி.ஜி. எடுத்தார். மாமனார் பழக்க தோஷத்தில், “செகண்ட் ஒபீனியன் கேக்கலாமா?” என்றார்.

“தாராளமா. மெட்ராஸ்ல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார். கொஞ்சம் நீந்தணும்.”

அந்த வலியிலும் மாமனார் சிரித்துவிட்டார். விடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை ஈ.சி.ஜி. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலையில், “வயித்துக் கோளாறுதான். பூரியைக் குறைங்க” என்றார்.

மேல்தளத்தில் தனியாக மாட்டியபோது நன்றி சொன்னேன்.

“முதல் ஈ.சி.ஜி. எனக்குத் திருப்தியா இல்லை சார். அவர் பயந்தா ஹார்ட் இன்னும் வேகமா அடிக்கும். அதான் ஜோக்.”

“உங்களுக்குப் பயமில்லையா?”

“அவர் தூங்கினப்புறம் வெளியே வந்து ஏதாவது வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன். ஒண்ணும் தெரியலை. திரும்பிப் போய் உக்காந்துட்டேன்.”

இப்போது அந்த சீரியலை நினைத்தால் பழையபடி சிரிப்பு வருவதில்லை. சிரிக்க வைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது, வைக்கிறவருக்குத்தான் கஷ்டம்.

ஊருக்குத் திரும்பியதும் மாமனார் முதல் வேலையாக லஸ்ஸுக்குப் போனார். டாக்டர் அதே வயிற்றுக் கோளாறைத்தான் சொல்லி, அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தாராம்.

“ஆனா இவர் ஜோக் சொல்லலை” என்று குறைப்பட்டுக்கொண்டார்.