தேவாரம் சாலையில் முட்டிநிற்கும் தெருக்கள்

போடியில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் லாரி ஒரு தெருவை அடைத்து நின்றாலும் யாரும் பதறுவதில்லை. பக்கத்துச் சந்தில் வண்டியைத் திருப்பி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். பழைய ஊருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு.

தேவாரம் சாலையில் தெற்கே போகப் போக அது குறைகிறது. போடி நகராட்சியின் மக்கள்தொகை 2001-இல் 73 ஆயிரம், 2011-இல் 75 ஆயிரம். ஆள் அவ்வளவாகக் கூடவில்லை. வீடுகள்தாம் ஊரைத் தாண்டிச் சாலையோரமாக நீண்டுகொண்டே போகின்றன.

அந்தச் சாலையில் இருக்கும் சிலமலை என்ற ஊரின் பழைய தெருக்களில் நடந்தால் ஒரு சந்து கோயிலுக்கும், இன்னொன்று தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதைக்கும் கொண்டுவிடும். ஊருக்கு வெளியே போட்ட மனைப்பிரிவுகள் வேறு மாதிரி. சாலையைப் பார்த்து ஒரு வளைவு, உள்ளே நேராக ஒரு தார்ச்சாலை, இருபுறமும் மஞ்சள் பூசிய கற்கள், கடைசியில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் போட்ட மனைகள். அங்கே இருக்கும் கூட்டாளி வீட்டுக்குப் போக, சைக்கிளில் வரும் பிள்ளை பெரிய சாலைக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பறக்கும் ஜீப்புகளும் அதே சாலையில்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உலகம் முழுக்க இதே கதைதான். பாரிங்டன்-லீ, மில்லர்டு-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975-க்குப் பிறகு போடப்பட்ட தெருக்கள் உலகின் பல பகுதிகளில் ஒன்றோடொன்று சேராமல் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். ஒருமுறை விழுந்த தெருவை மாற்றுவது லேசில்லை.

இங்கே அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. மனை வாங்குகிறவர்கள் அப்ரூவல் உண்டா, ரோடு எத்தனை அடி என்று கேட்கப் பழகினார்கள். அந்த ரோடு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவரைக் காணோம். பக்கத்து மனைக்காரரின் தெருவோடு இணைந்தால்தான் அனுமதி என்று ஊராட்சி பிடிவாதமாக நிற்க வேண்டும்.

ராசிங்காபுரம் தாண்டித் தேவாரம் வந்தால் மலை குறுக்கே நிற்கிறது. சாக்குலத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்குச் சாலை வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றுகிறார்கள். அவர்கள் சிரமம் உண்மை. ஆனால் அங்கே வழியை மறிப்பது காடு. சிலமலையில் மறிப்பது வெறும் மதில். அதை இன்றைக்கே திறக்கலாம்.