புரூனோவின் சம்மதம்

கன்னடர்கள் ஹலசூரு என்றும் நம்மவர்கள் அல்சூர் என்றும் வழங்கும் பகுதியில், 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு இறக்கிய காலந்தொட்டுத் தமிழ் புழங்கிவரும் சந்துகளுள் ஒன்றில், நாய்களுக்கு மயிர் கத்தரித்து நகம் வெட்டும் ஒரு சிறு நிலையத்தைத் தேடிச் சென்றேன். வேடிக்கை பார்க்கும் ஆசை மட்டும் என்னை அங்கே இழுத்துச் செல்லவில்லை. பல வருஷங்களுக்கு முன், வேறோர் ஊரில், என் நாயை மூவர் அமுக்கிப் பிடிக்க ஒருவர் கத்தரித்த காட்சியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடல்லாமல், கேட்ட பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அதன் பிறகு அந்த ஜீவன் சாகும்வரை, சீப்பைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும்.

நிலையத்தை நடத்தும் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கலாம். பயந்த நாய்களை மட்டுமே ஏற்றுக்கொள்வதால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் பார்ப்பதில்லை. வியாபாரக் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம்; எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நான் போன சமயம் புரூனோ என்ற காக்கர் ஸ்பானியல் வந்திருந்தது. மேஜையில் ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மாளோ தரையில் ரப்பர் விரிப்பொன்றைப் போட்டுத் தாமும் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாய்க்கு முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். கால் வழுக்கினாலே பாதி பயம் வந்துவிடும் என்பது அவர் அனுபவம். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கடிக்கறதுக்கு முன்னால பத்து தடவை வேணாம்னு சொல்லிடும் சார், நமக்குத்தான் கேக்காது" என்று சொல்லி, விரலை நீட்டாமல் கண்ணாலேயே எனக்குக் காட்டினார். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் ஓட்டும்போது ஓரத்தில் தெரியும் வெள்ளை எல்லாம் அந்தப் பாஷையின் சொற்கள். விரிப்பில் புரூனோ நின்ற இடத்தில் ஈரமாக நான்கு தடங்கள் பதிந்திருந்தன; நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும். சோபியா யின் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2009-இல் வெளியிட்ட பெரிய நூலொன்றில் இவ்வகைக் குறிப்புகளைப் படங்களுடன் விஸ்தாரமாக விளக்கியிருக்கிறார். அம்மாள் அவற்றைக் கடிபட்டே கற்றதாகச் சொல்லி, முழங்கைத் தழும்பைக் காட்டினார்.

மயிர் வெட்டும் மெஷின் பக்கத்து அறையில் ஓர் உதவியாளர் கையில் ஓடியது. அந்த ரீங்காரம் காதில் விழுந்த மறுகணம் வேகவைத்த ஈரல் துண்டொன்று புரூனோவின் வாய்க்குப் போயிற்று. ஒலி நின்றதும் ஈரலும் நின்றது. இந்த முறை தவறலாகாதாம். ஈரலை முன்னே நீட்டிப் பின்னால் மெஷினை ஓட்டினால், நாளடைவில் ஈரலே அபாய அறிவிப்பாகிவிடும். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லாவ், நாய்களின் உமிழ்நீரை அளந்து கண்ட தத்துவம் இதுவே. ஆனால் அவருடைய நாய்கள் வாரில் கட்டப்பட்டிருந்தன; இங்கோ கதவு ஒருக்களித்துத் திறந்தே கிடந்தது. புரூனோ இருமுறை வெளியே போய், இருமுறை தானாகவே திரும்பி வந்தது.

காதுக்குப் பின்னால் மயிர் சடைபிடித்திருந்தது. சடை என்றால் அழகுக்குறை என்றே நான் நினைத்திருந்தேன். தலையை உதறும்போதெல்லாம் அது அடித்தோலை இழுத்து வலிக்கும் என்பதும், உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும் என்பதும் அன்றுதான் தெரிந்தன. அம்மாள் சோளமாவைத் தூவி, முடிச்சின் நுனியிலிருந்து விரலால் பிரித்து, பிரியாத இடத்தில் சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலேயே கத்தரித்தார். இவ்வளவும் நடந்தபோது புரூனோவின் மோவாய் மடித்துவைத்த துவாலையொன்றின்மேல் இருந்தது. மோவாய் துவாலையில் இருந்தால் கை வேலை செய்யும். மோவாய் எழுந்தால் கையும் எழுந்துவிடும். இதை வாரக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள். ஒருமுறை, ஒரே ஒரு முடிச்சு மீதமிருக்கையில் மோவாய் எழுந்தது. "இன்னும் ஒரு வெட்டுத்தானே" என்று என் வாய் முந்திக்கொண்டது. அம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார்.

மயக்க மருந்து கொடுத்து ஒரேயடியாக முடித்துவிடலாகாதா என்று கேட்டேன். நிஜமாகவே தேவைப்படும் நாய்கள் உண்டு என்றும், அதைத் தீர்மானிப்பது வைத்தியரின் காரியம் என்றும் சுருக்கமாகப் பதில் வந்தது. தீபாவளியை ஒட்டிய நாட்களில் புது நாய் எதையும் சேர்ப்பதில்லையாம்; வெடிச்சத்தத்தில் நடுங்கும் பிராணியிடம் என்ன பாடம் சொன்னாலும் ஏறாது.

கடைசியாக நகம். புரூனோவின் நகம் கறுப்பு. உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியே தெரியாது. அதனால் அரிசிமணி அளவே சீவி, வெட்டுவாயின் நடுவே கரும்புள்ளி தென்படுகிறதா என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினார். முன்னங்கால் ஒன்று முடிந்தது. அடுத்த காலைத் தொட்டதும் நாய் எழுந்து, உடம்பை உதறிவிட்டுக் கதவருகே போய் நின்றது. ஒரு காலுக்கு மட்டும் நகம் வெட்டிய நாயை உரிமையாளர், இதெல்லாம் வழக்கந்தான் என்பதுபோல், சங்கிலியில் கோத்துக்கொண்டார். அம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரில் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரே, "புரூனோ, வலது முன்கால்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.