பெற்றோருடன் நாரா

நாரா 710-இல் ஜப்பானின் தலைநகரமாயிற்று. 784-இல் அரசவை அங்கிருந்து கிளம்பிவிட்டது. அந்தக் காலத்தில் எழுந்த பெரிய கோயில்கள் பல, நகரின் கிழக்கே மலையடிவாரத்தில் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் நிற்கின்றன. ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப்போக இது தோதான ஊர். கியோட்டோ பெயர்பெற்றதுதான், ஆனால் அங்கே கோயிலுக்குக் கோயில் பஸ் நெரிசலிலேயே பாதிப் பகல் போய்விடும். கியோட்டோவிலிருந்து ஜே.ஆர்., கிந்தெட்சு என்று இரண்டு ரயில்கள் உண்டு. ஜே.ஆர். நிலையத்தைவிடக் கிந்தெட்சு நிலையமே பூங்காவுக்குப் பக்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டுக்காவலின்றித் திரிகின்றன. கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான் மீது வந்திறங்கியதாக ஐதிகம். தவிட்டு பிஸ்கட்டைக் காட்டினால் அவை தலை தாழ்த்தும். கொடுக்காமல் இழுத்தடித்தால் சட்டையைக் கடிக்கும். இலையுதிர்காலத்தில் ஆண் மான்களிடமிருந்து முதியவர்கள் விலகி நிற்பதே நல்லது.

தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில் 8 மீட்டருக்கும் மேல் உயரமான இரண்டு மரக் காவலர் சிலைகள் உள்ளன. உன்கெய், கைகெய் ஆகியோரின் சிற்பக்குழு 1203-இல் செய்தவை. மான் பார்க்கும் மும்முரத்தில் பலரும் இவற்றை அண்ணாந்து பார்ப்பதேயில்லை.

உள்ளே இருப்பது சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். அம்மையும் பஞ்சமும் நாட்டை உலுக்கிய பிறகு, 743-இல் பேரரசர் ஷோமு இதைச் செய்ய ஆணையிட்டார். 752-இல் கண்திறப்பு விழா நடந்தபோது தூரிகை பிடித்தவர் இந்தியத் துறவி போதிசேனர். தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறக்கும் புண்ணியம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமே. அந்தத் தூரிகை ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. மண்டபம் 1180-லும் 1567-லும் போரில் எரிந்தது. இப்போதுள்ளது 1709-இல் முடிந்தது, அகலத்தில் பழையதன் மூன்றில் இரண்டு பங்குதான். அதுவே மலைக்க வைக்கிறது.

வெளித் திண்ணையில் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும்: புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். தமக்கு வலிக்கிற இடத்தையே சிலையிலும் தடவினால் குணமாகும் என்பது நம்பிக்கை. பெற்றோர் இந்த இடத்தைச் சீக்கிரம் விட்டு நகரமாட்டார்கள்.

மண்டபத்தின் பின்புறமாக மண்சுவர்களை ஒட்டி ஏறும் கல்பாதை நிகட்சுதோ என்ற மண்டபத்துக்குப் போகிறது. முடிவில் படிகள் உண்டு. நின்று நின்று ஏறலாம். அதன் மரத் திண்ணையிலிருந்து நகரம் முழுவதும் தெரியும். நுழைவுக் கட்டணமில்லை. மார்ச் முதல் இரு வாரங்களில் இரவு தோறும் அங்கே தீப்பந்தம் ஏந்துவார்கள். அந்த நெரிசல் வயதானவர்களுக்கு ஒத்துவராது.

பெர்சிமன் இலையில் சுற்றிய மீன் சூஷி நாராவின் தனிச்சிறப்பு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சிரமம்: காய்கறி ஊதோன் நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கினாலும், அதன் சாறு பெரும்பாலும் கட்சுவோ மீனில் இறக்கியது. கையில் சாப்பாடு கொண்டுபோவதே வழி, மான்கள் கண்ணில் படாமல் பிரிக்க முடிந்தால்.

கசுகாவின் சுமார் 3,000 விளக்குகளைப் பார்க்கச் சரளைக்கல் பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும், அசதியிருந்தால் டாக்சி. உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் உள்ள ஹோர்யூஜி கோயிலை மறுநாளுக்கு ஒதுக்கலாம். அது நகருக்கு வெளியே, தென்மேற்கில் இருக்கிறது. நாராவின் ஜே.ஆர். நிலையத்திலிருந்து ரயிலில் கால்மணி நேரம், பிறகு பஸ்.