சவுக்கும் பைனும்

எண்ணூரில் கொசஸ்தலையாறு வங்கக் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது முகத்துவாரக்குப்பம். பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது. வடசென்னைக் கடலோரத்தில் வளரும் சவுக்கை ஊசியிலை மரமென்றே பலரும் எண்ணுவர். அதன் ஊசியைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பிசின் மணம் வராது. சவுக்கு பூக்கும் மரவினம். ஊசியாய்த் தோன்றுவதோ இலையன்று, பசுங்கிளை. கணுதோறும் பற்களைப்போல் சூழ்ந்திருக்கும் சிறு செதில்களே அதன் இலைகள்.

மெய்யான ஊசியிலையைக் காணக் கொடைக்கானல் செல்லவேண்டும். அங்கே 1906இல் பிரையன்ட் என்பவர் நடத் தொடங்கிய பைன் காட்டில் நறுமணம் நம்மை எதிர்கொள்ளும். இலையினுள் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய பிசின் குழாய்களே அம்மணத்தின் பிறப்பிடம். குழாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள உயிரணுக்கள் பைனீன் முதலிய டெர்ப்பீன்களை உருவாக்கிக் குழாய்க்குள் சுரக்கின்றன. கடிக்கும் பூச்சியை விரட்டவும், பட்ட காயத்தை மூடவும் மரம் தன்னுள்ளே வைத்திருக்கும் மருந்து அது. வண்ணப்பூச்சில் கலக்கும் டர்பென்டைனும் பைன் பிசினை வடித்து எடுப்பதேயாகும்.

மணமில்லை என்பதால் சவுக்கு தாழ்ந்ததாகிவிடாது. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக்கொண்டு, வெறும் மணலிலும் அது வேரூன்றுகிறது. புயற்காற்றின் வேகத்தைத் தணித்துக் குடிசைகளைக் காக்கிறது. அடுப்புக்கென அதன்மேல் கோடரி வைக்குமுன் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.