கரண்ட் போன நாளில் மூத்தம்மாட இன்சுலின்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். கல்முனையில் நாங்கள் எல்லோரும் கதைத்தது பெற்றோலைப் பற்றியும் கேஸைப் பற்றியும்தான். சீனி வருத்தக்காரர் இருக்கிற வீடுகளில் மட்டும் இன்னொரு பயம் இருந்தது. ஃபிரிட்ஜுக்குள்ள மூத்தம்மாட இன்சுலின். கதவைத் திறக்கவே பயம்.

இன்சுலின் ஒரு பெப்டைட் மருந்து. 51 அமினோ அமிலங்கள், ரெண்டு சங்கிலி. அந்த மடிப்புக் குலையாத வரைக்கும்தான் அது வேலை செய்யும். சூட்டில் அது மெல்ல மெல்லக் குலையும். உறைந்தால் இன்னும் மோசம், திரும்ப இளகினாலும் பாவிக்கேலாது. இதை எங்கட ஊரில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லணும். ஏனெண்டால் கரண்ட் போனா எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது மீன் யாவாரிமாருட ரெஜிபோம் பெட்டியும் ஐஸும்தான். ஐஸில் முட்ட வைத்த குப்பியை விட, நிழலில் மண்முட்டிக்குள்ள வைத்த குப்பி எவ்வளவோ மேல். பெரிய முட்டிக்குள்ள சின்ன முட்டி, நடுவில் ஈரமணல். தண்ணி ஆவியாகிப் போக உள்ளே குளிரும். கச்சான் காத்து அடிக்கிற நாளில் இது நல்லாக் குளிரும், காத்தில் ஈரம் கூடின நாளில் அவ்வளவுக்கு இல்லை.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை, திறந்ததுக்கு அறைச்சூட்டில் ஏறக்குறைய 4 கிழமை. பெட்டிக்குள்ள இருக்கிற தாள் இப்படித்தான் சொல்லும், அந்த அறைச்சூடு 25 பாகையா 30ஆ எண்டது இன்சுலினுக்கு இன்சுலின் மாறும். எங்கட வீட்டுப் பகல் 30ஐத் தாண்டுது, அப்ப என்ன செய்ய? கென்யாவில் டகஹாலே அகதி முகாமின் சூட்டை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்களும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கிய சூட்டில் 4 கிழமை இருந்த இன்சுலின், ஃபிரிட்ஜில் இருந்ததைப் போலவே வேலை செய்யும் நிலையில் இருந்தது. எண்டபடியால் 13 மணித்தியாலத்துக்காக ஒரு குப்பியை எறியத் தேவையில்லை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எறிகிறதுதான் பெரிய ஆபத்து.

கண்ணால பார்த்து முழுசாக நம்பவும் ஏலாது. தெளிவான வகை கலங்கினா விட்டுடணும். கலவை இன்சுலின் எப்பவும் பால் மாதிரித்தான் இருக்கும். மெதுவா உருட்டியும் கட்டி கட்டியா நிண்டா அதையும் விடணும். ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழ வைக்கவே கூடாது. திறந்த திகதியைக் குப்பியில் பேனையால எழுதி வைத்தால், கிளினிக்கில் கேட்கும்போது மூத்தம்மா நினைவைத் தோண்டத் தேவையில்லை.