தாப்பா சாலையில் விட்டுவிட்டுச் சுழன்ற காற்றாடி

கேமரன் மலைக்குச் சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்துவிட்டது. ஆனாலும் கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்குத் தாப்பா வழிதான் பக்கம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும். நேர்ச்சாலை என்பது அபூர்வம். முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் இரண்டாம் கியரில் ஊர்ந்து போக வேண்டியதுதான்.

பழைய கார்களுக்குக் கஷ்டமே இங்குதான். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முகப்பில் காற்று தானாக மோதும். மலை ஏற்றத்தில் எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், வேகமோ குறைவு. ரேடியேட்டரைக் குளிர வைக்கும் வேலை பெரும்பாலும் காற்றாடியின் தலையில்தான் விழும்.

என் கார் 1992இல் ஜப்பானில் செய்த, இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்து இருக்கையில் அப்பா. வயது 76. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வெயிலில் அதிகம் வாடக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தாப்பா நகரின் சமிக்ஞை விளக்கில் நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முன்பக்கக் காற்றாடி 'விர்' என்று நான்கு விநாடி சுழன்று நின்றது. ஐந்தாறு விநாடி கழித்து மீண்டும் சுழன்றது. ஏர்கோன் காற்றிலும் குளிர்ச்சி குறைந்திருந்தது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வெளியே நல்ல வெயில்.

மர நிழலில் காரை நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். இந்தக் காரில் இரண்டு காற்றாடிகள். ஒன்று எஞ்சின் நீரின் சூட்டைப் பார்த்து ஓடும். மற்றது ஏர்கோன் கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் ஓடும். விட்டுவிட்டு ஓடியது இரண்டாவது. ஒவ்வொரு முறையும் அதோடு சேர்ந்து கம்ப்ரசர் கிளட்ச்சின் 'டக்' சத்தமும் கேட்டது. அப்படியானால் காற்றாடியில் கோளாறு இல்லை. கம்ப்ரசரை யாரோ நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள். காற்றாடி அதன் பின்னாலேயே போகிறது.

நிறுத்தக்கூடியவர்கள் மூவர். முதலாவது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் பனி உறையாமல் காக்கும் தெர்மோஸ்தாட். காற்றே சரியாகக் குளிராதபோது அதன் மேல் சந்தேகம் வரவில்லை. இரண்டாவது, வாயு அழுத்தம் மிகவும் கூடினால் துண்டிக்கும் சுவிட்ச். முகப்பில் உள்ள கண்டென்சரில் சருகும் சேறும் அடைத்தால் இப்படி ஆகும். கையிலிருந்த போத்தல் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. மூன்றாவது, வாயு குறைந்து அழுத்தம் இறங்கினால் துண்டிக்கும் சுவிட்ச். கம்ப்ரசர் ஓடியதும் அழுத்தம் சட்டென்று விழும், சுவிட்ச் துண்டிக்கும். நின்றதும் அழுத்தம் ஏறும், மறுபடி ஓடும். சில விநாடிக்கு ஒருமுறை துடிப்பது பெரும்பாலும் இதனால்தான். குழாய்ப் பாதையில் இருக்கும் சிறு கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே நுரை நுரையாகக் குமிழிகள்.

எஞ்சின் சூட்டு முள் நடுவில்தான் நின்றது. ஏர்கோனை அடைத்துவிட்டுக் காத்திருந்தேன். சூடு ஏறியதும் முதல் காற்றாடி தானாகச் சுழன்றது. ஆக, காருக்கு ஆபத்து இல்லை, மலை ஏறலாம். ஆனால் அடிவாரச் சூட்டில் அப்பா ஏற முடியுமா?

"அந்தக் காலத்துல லோரி பின்னால நின்னுகிட்டே ஏறுனவன்டா நான்" என்றார். அப்போது அவருக்குப் பத்து வயது. நான் பட்டறை தேடினேன்.

ஏர்கோன் பட்டறைத் தவுக்கே அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் முள் தாழ்ந்திருந்தது. "காஸ் பொச்சோர்" என்றார். குழாய் இணைப்பு ஒன்றில் எண்ணெய்ப் பசையோடு தூசு படிந்திருந்தது. வாயு கசியும்போது அதோடு எண்ணெயும் சேர்ந்து வெளியேறும். அதுவே கசியும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். காய்ந்து இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றினார். பம்ப் போட்டுக் குழாயில் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே வாயு நிரப்பினார். முன்பு ஆர்-12 வாயுவில் ஓடிய இந்தக் கார், பிறகு ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றப்பட்டது. அதைச் சொல்லும் ஒட்டுத்தாளைப் பார்த்த பிறகுதான் அவர் வாயுக் கலனையே எடுத்தார். இரண்டுக்கும் எண்ணெய் வேறு. கலந்தால் கம்ப்ரசர் கெடும்.

இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா எதிர்க் காப்பிக்கடையில் பாதி தாப்பாவோடு சிநேகமாகிவிட்டார்.

லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்திப் பெத்தாய் வாங்கினோம். ரிங்லெட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை மூடியதும் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஆவியை விரட்ட ஏர்கோன் போட்டேன். சற்று நேரத்தில் காற்றாடி நின்றது. பிறகு ஓடியது. மறுபடி நின்றது.

"மறுபடியுமாடா?" என்றார் அப்பா.

இது வேறு. இப்போது காற்று சில்லென்று வந்தது. ஒவ்வொரு சுற்றும் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. மலைக்குளிரில் குளிர்ச்சுருள் உறைநிலையை நெருங்கியதும் தெர்மோஸ்தாட் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். தாப்பா வெயிலில் நோயாக இருந்த அதே விட்டுவிட்டு ஓடுதல், ரிங்லெட் மழையில் ஆரோக்கியம்.

பள்ளி விடுமுறையில் பழைய காரில் இந்த வழியாக ஏறுகிறவர்கள் தாப்பாவிலேயே ஐந்து நிமிடம் நின்று காற்றாடிச் சத்தத்தைக் கேளுங்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று எண்ணுங்கள். காற்று குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். சூட்டு முள் ஏறினால் ஏர்கோனை அடைத்து, ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

ஹாபு தாண்டித் தோட்டத்துச் சாலையில் திரும்பியபோது மழை விட்டிருந்தது. அப்பா கூரையைத் திறக்கச் சொன்னார். ஏர்கோனை அடைத்தேன்.